கவ்வாத்துக் கத்தியும் சடைப்பின்னலும்

அன்புள்ள அக்காவுக்கு,

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். ஆசிரியர், வயது 28. யாராவது கவலையைச் சொன்னால் உட்கார்ந்து கேட்பேன், அழுகை வந்தால் அழுதும் விடுவேன். கூட்டாளிகள் 'பொம்பளத்தனம்' என்று கேலி செய்கிறார்கள். ஆனால் போன வருடம் லயத்து வரிசை வீடுகளின் தண்ணீர்ப் பிரச்சினைக்குத் தோட்டத் துரையிடம் முன்னால் நின்று பேசியவனும் நான்தான். உளவியலில் 'இருபால் இயல்பு' என்று ஒன்றைப் படித்தேன். நான் அதுவா? இப்படி இருந்தால் ஆட்களோடு பழகுவது கஷ்டமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

இருபால் இயல்பு என்பது உடலைப் பற்றியதும் இல்லை, யாரை விரும்புகிறோம் என்பதைப் பற்றியதும் இல்லை, குணத்தைப் பற்றியது. சாண்ட்ரா பெம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1974இல் 60 குணங்களை வைத்து ஒரு கேள்வித்தாள் செய்தார். 20 'ஆண்' குணம், 20 'பெண்' குணம், மிச்சம் பொது. அதுவரை ஒன்று கூடினால் மற்றது குறையும், தராசுத் தட்டு மாதிரி, என்றுதான் நினைத்திருந்தார்கள். அவர் இரண்டையும் தனித்தனியாக அளந்தார். இரண்டும் நிறைய இருப்பவர்தான் நீங்கள் படித்த 'இருபால் இயல்பு' ஆள்.

பழகுவதைப் பற்றிக் கேட்டீர்களே, 1978இல் வில்லியம் இக்கஸ், ரிச்சர்ட் பார்ன்ஸ் என்ற இருவர், முன்பின் தெரியாத ஆணையும் பெண்ணையும் ஓர் அறையில் காத்திருக்க வைத்து, அவர்களுக்குத் தெரியாமல் படம் பிடித்தார்கள். அசல் 'ஆம்பளை'யும் அசல் 'பொம்பளை'யும் சேர்ந்த ஜோடிதான் குறைவாகப் பேசியது, ஒருவரையொருவர் அவ்வளவாகப் பிடிக்கவும் இல்லை. நம்ம சினிமாக்காரர்கள் கேட்டால் நம்பமாட்டார்கள்.

என் அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். காலையில் அம்மா ரொட்டி சுடுகிற நேரம் என் தலையை அப்பாதான் பின்னுவார், கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரல், ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு அவர் இழுக்கிற இழுப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதைப் பார்த்துச் சிரித்த ஆட்கள்தான், வீட்டில் சண்டை என்றால் ராத்திரி எங்கள் வீட்டு வாசல் இஸ்தோப்பில் வந்து உட்காருவார்கள். அவர் யாருக்கும் புத்தி சொன்னதில்லை, தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அதே மனிதர், நிறுவையில் கணக்கப்பிள்ளை அம்மாவின் கொழுந்தில் இரண்டு கிலோ கழித்த அன்று, தராசைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

'நான் அதுவா' என்பதை விட்டுவிடுங்கள். பெம்மே பிறகு தள்ளிப்போய், குணங்களை ஆண், பெண் என்று ஏன் பிரித்தே பார்க்கிறோம் என்று 1981இல் வேறொரு கோட்பாடு எழுதினார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பரிவுக்கு எதற்குப் பாவாடை கட்டிவிட வேண்டும்?

உங்களுடைய கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. கேட்கிறவன் என்று தெரிந்தால் ஆளாளுக்கு வந்து கொட்டுவார்கள், உங்களுடையதை யாரிடம் சொல்கிறீர்கள்? அப்பாவிடம் நான் இதைக் கேட்காமலே விட்டுவிட்டேன். அந்தக் கேலிக்காரக் கூட்டாளிகளில் ஒருவனிடம் ஒருநாள் சொல்லிப் பாருங்கள், அவனை நம்பி யாரும் எதையும் சொல்லியிருக்கமாட்டார்கள். அப்புறம் என்ன ஆனது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா