வேண்டாம் என்ற பிறகும் பூங்கொத்து வருகிறது

கேள்வி: முன்பு என்னுடன் வேலை பார்த்தவர் ஐந்து மாதமாக எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் காத்து நிற்கிறார். வேண்டாம் என்று சொல்லியும் அலுவலகத்துக்குப் பூங்கொத்து அனுப்புகிறார். அடித்ததில்லை, மிரட்டியதும் இல்லை. தொல்லை தரக்கூடாது என்று நீதிமன்றம் போடும் பாதுகாப்பு ஆணை கிடைக்குமா? வக்கீல் வேண்டுமா?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அடியும் மிரட்டலும் இருந்தால்தான் வழக்கு நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சிங்கப்பூரின் 2014ஆம் ஆண்டு துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வீட்டருகே சுற்றுவது, பொருள் அனுப்புவது, வேவு பார்ப்பது ஆகியவற்றைப் பின்தொடர்தலில் சேர்க்கிறது. நிறுத்தச் சொன்ன பிறகும் தினமும் பூ அனுப்புவதை அந்தச் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது!

நீதிமன்றம் பார்ப்பது மூன்று: அவர் சட்டத்தை மீறினாரா, அது தொடரவோ திரும்ப நடக்கவோ வாய்ப்புண்டா, ஆணை பிறப்பிப்பது நியாயமா. கொலை வழக்கைப்போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

பலர் சறுக்குவது இரண்டாவதில்தான். கடைசிச் சம்பவம் ஏழெட்டு மாதம் பழையது என்றால், 'இன்னும் தொடர்கிறதா?' என்ற கேள்வி எழும். ஆகவே இன்றே ஒரு பட்டியல் தொடங்குங்கள்: தேதி, நேரம், இடம், பார்த்த சாட்சி, அதனால் உங்களுக்கு என்ன ஆனது (வழியை மாற்றினீர்களா, விடுப்பு எடுத்தீர்களா). பூங்கொத்தோடு வந்த சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். வாட்ஸ்அப் செய்திகளைத் திரைப்பிடிப்பு எடுத்தால் அவர் எண்ணும் தேதியும் தெரியவேண்டும். 'இனி தொடர்புகொள்ளாதீர்கள்' என்று ஒரே ஒருமுறை எழுத்தில் அனுப்பிவிட்டு அதோடு நிறுத்துங்கள். அதன் பிறகும் நீங்கள் பதில் போட்டுக்கொண்டிருந்தால், இருவரும் பேசிக்கொண்டுதானே இருந்தோம் என்பார். காவல்துறையில் சீக்கிரமே புகாரும் கொடுத்து வையுங்கள். ஏனென்றால் கேமராப் பதிவுகள் நெடுநாள் இருப்பதில்லை.

வக்கீல் இல்லாமலே மனுப் போடலாம். 2021 ஜூன் 1 முதல் இதற்கென்றே தனி நீதிமன்றம், அரசு நீதிமன்றங்களின் கீழ் இயங்குகிறது. சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளக் கணக்கு) கொண்டு இணையத்தில் நுழைந்து, முன்மதிப்பீட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, ஆதாரங்களை ஏற்றவேண்டும். ஆவணங்களை எதிர்தரப்புக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பு உங்களுடையது, அதனால் அவர் முகவரியை முன்பே விசாரித்து வையுங்கள்.

கேள்வி: விசாரணைக்கு முன்பே அவர் ஏதாவது செய்தால்?
- அதே வாசகி

பதில்: பாதுகாப்பு ஆணையோடு, விசாரணை முடியும்வரை காக்கும் துரிதப் பாதுகாப்பு ஆணையும் கேளுங்கள். முதல் பார்வைக்கே ஆதாரம் இருந்து, ஆபத்து அருகில் என்று தெரிந்தால், எதிர்தரப்பு இல்லாமலேகூட அதைப் பிறப்பிக்கலாம். ஆனால் அவரிடம் சேர்ப்பித்த பிறகே அது செல்லுபடியாகும். மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தொல்லை தருபவர் கணவரோ முன்னாள் கணவரோ என்றால் மாதர் சாசனம் என்ற குடும்பச் சட்டத்தின்படி குடும்ப நீதிமன்றத்தை அணுகும் வழியும் உண்டு.