பெடல்போர்டு அடுக்குவது எப்படி? கேள்வி பதில்

கொழும்பில் கிட்டார் பெடல் பழுதுபார்ப்பது என் தொழில். பெடல் என்பது கிட்டாருக்கும் ஆம்பிளிஃபயருக்கும் நடுவில் வைத்து, காலால் மிதித்து ஒலியை மாற்றும் சிறு பெட்டி. பல பெடல்களை அடுக்கிய பலகைதான் பெடல்போர்டு. பழுதென்று என்னிடம் வரும் பெடல்போர்டுகளில் பெரும்பாலும் பெடலில் குறை இருப்பதில்லை. வயரிலோ மின்சாரத்திலோதான் இருக்கும். மேடையில் சத்தம் நின்றுபோனால் காரணத்தை அரை நிமிடத்தில் கையால் தொட முடிய வேண்டும். அப்படி முடிந்தால்தான் அந்தப் பலகை ஒழுங்காக இருக்கிறது என்பேன். ஆம்பிளிஃபயர் பழுதும் கிட்டார் விலையும் என் துறையில் இல்லை. அவற்றைக் கேட்க வேண்டாம்.

தெஹிவளையிலிருந்து: அண்ணா, என்னிடம் எட்டுப் பெடல்கள் இருக்கின்றன. எந்த அளவில் பலகை வாங்கலாம்?

இப்போது எதையும் வாங்காதீர்கள் தம்பி. தட்டையான அட்டையொன்றின் மேல் பெடல்களை வைத்து, கேபிள்களையும் செருகி, இரண்டு மூன்று ஒத்திகைகளில் மிதித்துப் பாருங்கள். பாஸ் நிறுவனத்தின் சிறிய பெடல் 7.3 செ.மீ. அகலம், 12.9 செ.மீ. நீளம். பக்கவாட்டில் தட்டையான ஜாக்குகளுக்கும் இடம் விட்டால் பெடலுக்கு ஏறத்தாழ 10 செ.மீ. போகும். ஆக, 60 செ.மீ. அகலமும் 32 செ.மீ. ஆழமும் உள்ள பலகையில் இரண்டு வரிசைகள் தாராளமாக அமரும்.

ஒலி செல்லும் வரிசையும் பெடல் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. பாட்டின் நடுவில் அடிக்கடி மிதிப்பவை முன்வரிசைக்கு வரட்டும். ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடும் ரிவர்ப் (மண்டபத்தில் வாசிப்பது போன்ற எதிரொலி தரும் பெடல்) பின்னால் போகட்டும். பின்வரிசையை நான்கைந்து சென்டிமீட்டர் உயர்த்துங்கள். இல்லாவிட்டால் முன்வரிசைப் பெடலின் திருகுகளைச் சப்பாத்து நகர்த்திவிடும்.

கடைப் பலகை விலை அதிகம் என்றால், அலுமினியக் கோணப் பட்டைகளையும் மரச் சட்டங்களையும் இடைவெளி விட்டுப் பொருத்தித் தச்சரிடமே செய்துகொள்ளலாம். அந்த இடைவெளி முக்கியம். வயர்கள் அதன் வழியேதான் கீழே இறங்கும்.

வெள்ளவத்தையிலிருந்து: ஓர் அடாப்டரில் ஐந்து கிளை வயர் போட்டிருக்கிறேன். டிலே பெடலைச் சேர்த்ததும் கீச்சென்ற சத்தம் வருகிறது. பெடலை மாற்றவா?

மாற்ற வேண்டாம். ஒலியைத் தாமதித்து மீண்டும் தரும் டிலே போன்ற டிஜிட்டல் பெடலுக்குள் ஓடும் கடிகாரத் துடிப்பு, பொதுவான மின்வயர் வழியே மற்றப் பெடல்களுக்கும் பரவுகிறது. ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடல் அதைப் பெரிதாக்கி உங்கள் காதில் போடுகிறது. ஒவ்வொரு வாயிலும் மின்சார ரீதியாகத் தனித்துப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளைதான் இதற்குத் தீர்வு. 'எட்டு வாயில்' என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் உள்ளே எல்லாம் ஒன்றாகவே இணைந்திருக்கலாம். கடையில் அதைத் தெளிவாகக் கேட்டு வாங்குங்கள்.

வோல்ட் பெடலில் எழுதியிருப்பதுதான் இருக்க வேண்டும். கூடினால் பெடல் எரியலாம். மில்லிஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறைந்தால்தான் சிக்கல். 1978இல் வந்த பாஸ் டிஎஸ்-1 போன்ற எளிய டிஸ்டார்ஷன் பெடலுக்குப் பத்து மில்லிஆம்பியர்கூட வேண்டியதில்லை. ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை ரிவர்பிற்கு மட்டும் 300 வேண்டும். எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக் கூட்டிவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பெரும்பாலான பெடல்களில் அடாப்டர் முனையின் நடுப்பகுதி எதிர்மின். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உள்ள பழைய பாணி ஃபஸ் (ஒலியை மிகக் கரகரப்பாக்கும்) பெடல்கள் சில நேர்மின்னைத் தரையாகக் கொண்டவை. அவற்றைக் கிளை வயரில் மற்றப் பெடல்களோடு சேர்த்தால் அடாப்டரே குறுஞ்சுற்றாகும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: ஆலயத்தில் வாசிக்கும்போது ஹம் சத்தம். எர்த் முள்ளைக் கழற்றினால் நின்றுவிடுகிறது. அப்படியே விடலாமா?

விடவே கூடாது. இன்றைக்கே திரும்பப் பொருத்துங்கள்.

13 ஆம்பியர் சொக்கட்டின் எர்த் துளையில் பேனாவையோ குச்சியையோ குத்தி இரு முள் பிளக்கைச் செருகும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. கிட்டார் வாசிப்பவர் அதைச் செய்யவே கூடாது. கிட்டாரின் கம்பிகள் ஆம்பின் உலோக உடலோடு இணைந்தவை. ஒரு கை கம்பியில் இருக்கிறது, உதடு மைக்கில் படுகிறது. புவித்தொடுப்பு எங்காவது அறுந்திருந்தால் 230 வோல்ட் உங்கள் உடல் வழியே பாயலாம். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972இல் வேல்ஸின் சுவான்சி நகர மேடையில் மின்கசிவிருந்த மைக்கைத் தொட்டு உயிரிழந்தார்.

ஹம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் ஆம்பும் பெடல்போர்டும் வெவ்வேறு சொக்கட்டில் இருப்பதுதான். இரண்டையும் ஒரே நீட்டுவயரில் செருகுங்கள். ஆலயத்தின் மிக்சருக்குப் போகும் வழியில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டி (கிட்டார் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) வையுங்கள். அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் விசை ஒலி வயரின் தரையை மட்டுமே துண்டிக்கும். கட்டடத்தில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

நுகேகொடையிலிருந்து: ஒரே அடாப்டரில் நான்கு பெடல்கள் போடலாமா?

வெள்ளவத்தைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: பலகை ஒழுங்காக இருக்க வேண்டுமானால் எல்லாப் பெடலும் ட்ரூ பைபாஸாக இருக்க வேண்டும். பஃபர் ஒலியைக் கெடுக்கும். நீங்கள் ஏன் இதைச் சொல்வதில்லை?

அது சரியில்லை என்பதால் சொல்வதில்லை. ட்ரூ பைபாஸ் பெடலை அணைத்தால் ஒலி வெறும் வயர் வழியே போவது போல நேரே கடந்துவிடும். பஃபர் என்பது ஒலிச் சைகையை வாங்கி, அடுத்து வரும் கேபிளைத் தானே ஓட்டும் சிறு சுற்று. கணக்கைப் பாருங்கள். கிட்டார் கேபிளின் கொள்ளளவம் (மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மை) பொதுவாக மீற்றருக்கு 100 பிக்கோஃபாரட் அளவில் இருக்கும். கிட்டாரிலிருந்து பலகைக்கு 6 மீற்றர், பேட்ச் கேபிள்கள் சேர்ந்து 2, ஆம்புக்கு இன்னும் 6. எல்லாப் பெடலும் ட்ரூ பைபாஸாக அணைந்திருக்கும்போது உங்கள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் சுருள்) 14 மீற்றர் கேபிளைச் சுமக்கிறது. 4 ஹென்றி தூண்டல் உள்ள பிக்கப்பென்று வைத்தால், 6 மீற்றரில் 3200 ஹெர்ட்ஸ் அருகே இருந்த பரிவு மீடிறன் (ஒலி மிகத் தூக்கலாகக் கேட்கும் இடம்) 2100 அருகே இறங்கிவிடும். 'பெடல் போட்ட பிறகு ஒலி மந்தமாகிவிட்டது' என்று வருபவர்கள் கேட்பது இந்த வித்தியாசத்தைத்தான். தொடக்கத்தில் ஒரு நல்ல பஃபர் இருந்தால் பிக்கப் முதல் 6 மீற்றரோடு நின்றுவிடும்.

மீண்டும் பம்பலப்பிட்டி: பஃபருள்ள ட்யூனரை (சுருதி பார்க்கும் பெடலை) முதலில் வைத்தேன். என் ஃபஸ் பெடலின் ஒலி கூர்மையாகி எரிச்சலூட்டியது. அதுவே என் கூற்றுக்குச் சாட்சி.

அனுபவம் உண்மை, முடிவு தவறு. ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடலின் உள்ளீட்டு மறிப்பு, அதாவது வரும் சைகைக்கு அது காட்டும் தடை, மிகக் குறைவு. அது பிக்கப்போடு நேரடியாகச் சேர்ந்து இயங்கும்படி அமைந்த சுற்று. கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் ஒலி தெளிவாகும் அழகு அதனால்தான். நடுவில் பஃபர் வந்தால் அது போய்விடும். ஆகவே கிட்டார், ஃபஸ், பிறகு ட்யூனர் என்று வையுங்கள். பஃபரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

மட்டக்குளியிலிருந்து: பம்பலப்பிட்டி அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறதே? பத்துப் பஃபர் வரிசையாக இருந்தால் இரைச்சல் கூடாதா?

கூடும். பத்து வேண்டுமென்று நான் சொல்லவில்லை. தொடக்கத்தில் ஒன்று, நீண்ட கேபிளை ஓட்டுவதற்குக் கடைசியில் ஒன்று. வீட்டில் ஒரே ஒரு பெடலோடு 3 மீற்றர் கேபிளில் வாசிப்பவருக்கு ஒன்றுகூட வேண்டாம். சந்தேகம் இருப்பவர்கள் கிட்டாரை நேராக ஆம்பில் செருகி ஒரு பாடல் வாசியுங்கள். பிறகு பலகை வழியே, எல்லாப் பெடலையும் அணைத்து, அதே பாடலை வாசியுங்கள். காது சொல்வதை ஏற்றுக்கொள்வேன். இணையத்தில் யாரோ சொன்னதை ஏற்கமாட்டேன்.

கல்கிசையிலிருந்து: வெல்க்ரோ பசை வெயிலில் இளகிப் பெடல் நகர்கிறது.

ரப்பர் அடியைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடைத்து, காய்ந்த பிறகே ஒட்டுங்கள். தொடர் இலக்க ஒட்டியை மூடாதீர்கள், விற்கும்போது தேவைப்படும். இதைவிட உறுதியானது சைக்கிள் சங்கிலிக் கண்ணி. பெடலின் அடித்திருகால் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையை மரச்சட்டத்தில் திருகுங்கள். சூட்டுப் பசைத் துப்பாக்கியை எடுக்கவே வேண்டாம்.

வத்தளையிலிருந்து: வயர்களை எப்படிக் கட்டுவது?

மின்வயர் ஓர் ஓரமாக, ஒலி வயர் மறு ஓரமாக. சந்திக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். பிளாஸ்டிக் இறுக்குப்பட்டியால் எல்லாவற்றையும் ஒரே கொத்தாக இறுக்காதீர்கள். ஒரு வயர் போனால் இருட்டில் கத்தி தேட வேண்டிவரும். வெல்க்ரோ பட்டியே போதும். ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் பெடலின் பெயரை ஒட்டுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஜாக் வாங்கி நீங்களே பற்றவைத்தால் அளவு சரியாக அமையும். திருகி மட்டும் பொருத்தும் ஜாக்குகள் முச்சக்கர வண்டியின் குலுக்கலில் தளர்ந்து என்னிடம்தான் வருகின்றன.

மொரட்டுவையிலிருந்து: கடற்கரை அருகே வீடு. ஜாக் எல்லாம் கறுக்கிறது.

உப்புக்காற்று. மாதம் ஒருமுறை எல்லா ஜாக்கையும் கழற்றிச் செருகுங்கள், கொன்டாக்ட் கிளீனர் அடியுங்கள். பையில் சிலிக்கா ஜெல் வையுங்கள். பெடலுக்குள் பற்றரி இருந்தால் எடுத்துவிடுங்கள். உள்ளீட்டு ஜாக்கைச் செருகியபடி விட்டால் அது தீர்ந்துபோகும், பிறகு கசிந்து பெடலின் உள்சுற்றை அரிக்கும்.

ராஜகிரியவிலிருந்து: எர்த் முள் இல்லாத மாற்றியில் போட்டால் ஹம் குறைகிறது என்று நண்பர் சொல்கிறார்...

கொட்டாஞ்சேனைக்குச் சொன்னதை உங்கள் நண்பருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அந்த மாற்றியை இன்றே வீசிவிடுங்கள்.