ஒன்பதாவது உலகம்

அன்புள்ள சார்,

வணக்கம். போன மாதம் என் மகனோடு உட்கார்ந்து 2023இல் வந்த மரியோ படத்தைப் பார்த்தேன். அவனுக்கு வயது ஒன்பது. சோபா மேல் ஏறி நின்று குதித்துக்கொண்டே பார்த்தான். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. செங்கல், காளான், ஆமை, அந்த இசை என்று எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஆனாலும் யாரோ வீட்டுக் கல்யாண வீடியோவைப் பார்ப்பது போலவே இருந்தது.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் வீடியோ கேம். மரியோவில் எட்டு உலகம் முடிந்த பிறகு ஒன்பதாவது ஒன்று உண்டு, முதல் உலகத்தின் இரண்டாம் நிலையான 1-2இல் சுவருக்குள் புகுந்தால் போய்விடலாம் என்று என் வகுப்பு நண்பன் அம்மா மேல் சத்தியம் செய்தான். கோடை விடுமுறை முழுக்கச் சுவரில் முட்டினேன். பிறகு இரண்டு வருடம் அவனோடு பேசவில்லை.

எனக்கு வயதாகிவிட்டதா? அவன் சொன்னது பொய்தானே?

ர., கரூர்

*

அன்புள்ள ர.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஒரு நட்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. எண்ணில்தான் பிசகிவிட்டார். 1-2 முடிகிற இடத்தில், வெளியே போகும் குழாயை ஒட்டிய சுவருக்குள் மரியோ நிஜமாகவே புகுந்துவிடுவான். மேலே இருக்கும் செங்கல்களை உடைத்து, குழாயை ஒட்டிய ஒன்றை மட்டும் விட்டுவைக்க வேண்டும். குழாயின் இடது ஓரத்தில் நின்று, குனிந்தபடி, முகம் இடப்பக்கம் பார்க்க, வலப்பக்கமாகக் குதிக்க வேண்டும். சரியாக அமைந்தால் சுவர் அவனை விழுங்கி அந்தப் பக்கம் துப்பும்.

அங்கே மூன்று குழாய்கள். வழக்கம்போலக் கூரை மேல் ஓடி வந்தவனுக்கு அவை 4, 3, 2 ஆகிய உலகங்களுக்கான குறுக்குவழி. சுவர் வழியாக வந்தவனுக்குத் திரை இன்னும் முழுதாக நகர்ந்திருக்காது, அந்த எண்களும் ஏறியிருக்காது. அதனால் ஆட்டம் 4-2இல் வரும் வேறொரு குறுக்குவழியின் பட்டியலைக் கையில் வைத்திருக்கும். அந்த இடத்தில் குழாய் ஒன்றே ஒன்றுதான், ஐந்தாம் உலகத்துக்கு. மற்ற இரண்டு குழாய்களின் இடத்தை நிரலாளர்கள் வெற்றுக் கட்டம் வைத்து நிரப்பியிருந்தார்கள். அந்த வெற்றுக் கட்டத்தின் எண் 36. ஆட்டம் பாவம், அதை நம்பி முப்பத்தாறாம் உலகத்தைத் தேடிப் போகிறது. திரையில் 36க்கு உரிய படம் வெறுமை என்பதால் முன்னால் ஒன்றும் தெரியாது, பின்னால் வரும் ‘-1’ மட்டும் தெரியும். தண்ணீருக்கடியில் ஓர் உலகம். நீந்திப் போய்க் கடைசிக் குழாயில் நுழைந்தால் மறுபடி தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து விடும். நேரம் தீரும்வரை, உயிர் தீரும்வரை அதே தண்ணீர்தான்.

ஒன்பது என்ற எண்ணும் கரூரில் முளைத்ததல்ல. ஜப்பானில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும் மரியோ கேசட்டை அப்படியே உருவி, டென்னிஸ் கேசட்டைச் சொருகிச் சற்று ஆடி, மறுபடி மரியோவைச் சொருகி ஒன்பதாம் உலகத்துக்குப் போயிருக்கிறார்கள். டென்னிஸ் நினைவகத்தில் விட்டுப்போன எண்ணை மரியோ தன் உலக எண் என்று எடுத்துக்கொள்ளும். 1986இல் ஜப்பானில் வந்த இரண்டாம் பாகத்தில், மரியோவைச் செய்த நிண்டெண்டோ நிறுவனமே ஓர் ஒன்பதாம் உலகத்தை வைத்தது. குறுக்குவழிக் குழாயை ஒருமுறைகூடத் தொடாமல் எட்டையும் முடித்தவனுக்கு மட்டுமே அது திறக்கும்.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். பள்ளிக்கூட மைதானத்து வதந்திகள் எல்லாமே இந்த வடிவத்தில்தான் இருக்கும். ‘ஒன்பதாம் உலகம் இருக்கிறது’ என்று யாரும் வெறுமனே சொல்வதில்லை. இதைச் செய்தால் அது கிடைக்கும் என்பார்கள். நூற்றெட்டுச் சுற்று சுற்றினால் கல்யாணம் நடக்கும் என்பது போல. கிடைக்காவிட்டால் சொன்னவன் மேல் குற்றமில்லை, நம் சிரத்தைதான் போதவில்லை. எங்கள் ஊர்க் கடையில் மணிக்கு ஐந்து ரூபாய் கொடுத்து ஆடினோம். கேசட் ஓடவில்லை என்றால் கடைக்காரர் அதன் அடியில் ஊதித் தருவார். எங்களில் யாராவது ஊதினால் ஓடாது, அவர் ஊதினால் ஓடும். ஊதுவதால் ஒரு பலனும் இல்லை, எச்சில் பட்டுத் தகடுதான் கெடும் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. இப்போது சொன்னாலும் அந்த மனிதரின் மூச்சில் ஏதோ இருந்தது என்றுதான் சொல்வேன்.

இதே வகையில் இன்னொன்று, ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டு என்ற சண்டை ஆட்டத்தில். அதில் வரும் ரியூ என்ற வீரனின் அடி ஒன்றின் பெயர் ஆங்கிலத்துக்குப் போனபோது ‘ஷெங் லாங்’ என்று ஆகி, ஷெங் லாங்கை வென்றால்தான் உனக்கு வாய்ப்பு என்று ஒரு வசனம் திரையில் வந்துவிட்டது. யார் அந்த ஷெங் லாங்? 1992 ஏப்ரலில் ஓர் அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகை முட்டாள்கள் தினக் குறும்பாக ஒரு விரதமுறையை அச்சிட்டது. ஓர் அடிகூட வாங்காமல் கடைசி வில்லன் பைசன் வரை போக வேண்டும், அப்புறம் இருவரும் ஒருவரை ஒருவர் தொடாமல் பத்துச் சுற்று ஓட்ட வேண்டும், அப்போது ரியூவின் குருவாக ஷெங் லாங் வந்து பைசனைத் தூக்கி எறிவார். எத்தனை பிள்ளைகள் இதற்காகச் சில்லறையை அழித்தார்களோ. 1994இல் அதே தொடரின் அடுத்த பதிப்பொன்றில் அகுமா என்று ஒருவன் நிஜமாகவே வந்தான். நிபந்தனைகளைச் சரியாக நிறைவேற்றியவனுக்கு மட்டும் காட்சி தருவான். வந்ததும் முதல் வேலையாகப் பைசனைத்தான் தீர்த்துக்கட்டுவான்.

சரி, படத்துக்கு வருகிறேன். நான் சொல்வதைக் கேட்டு உங்கள் மகன் சிரிப்பான். எனக்கு 1993இல் வந்த மரியோ படம்தான் பிடிக்கும். அது நல்ல படம் இல்லை. மரியோவாக நடித்த பாப் ஹாஸ்கின்ஸே, தான் செய்ததில் ஆக மோசமானது அதுதான் என்று பிற்பாடு சொன்னார். வட கரோலினாவில் ஒரு பழைய சிமெண்டு ஆலைக்குள் எடுத்தார்கள். விண்கல் விழுந்து பிரிந்த இன்னோர் உலகில் டைனோசர்கள் மனிதர்களாக வளர்ந்து நகரம் கட்டியிருக்கின்றன. பழைய ராஜா பூஞ்சையாக மாறி அந்த நகரம் முழுக்கப் படர்ந்து தொங்குகிறார். மரியோவின் தம்பி லூயிஜிக்கு மீசை கிடையாது.

ஆட்டத்தைக் கண்ணால் பார்க்காத ஒருவனிடம் இன்னொருவன், ‘குழாய் வேலை பார்க்கிற அண்ணன் தம்பி, காளான் வரும், பல்லி மாதிரி ஒரு ராஜா வருவான்’ என்று மைதானத்தில் சொல்ல, இவன் வீட்டுக்குப் போய் மீதியைத் தானே கட்டிய கதை மாதிரி இருக்கிறது அது. அதாவது, உங்கள் நண்பரின் ரகம். 2023 படம் அப்படியல்ல, ஒவ்வொரு செங்கல்லையும் எண்ணி வைத்திருக்கிறது. நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்த படத்தில் நான் குறை கண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அதில் முட்டிப் பார்க்க ஒரு சுவர்கூட இல்லை. உங்களுக்கு ஒன்றும் ஆகாதது அதனால்தான். வயதின் மேல் பழி போடாதீர்கள்.

மகனைப் பற்றியும் கவலை வேண்டாம். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே யூடியூபில் கிடைத்துவிடுகிறது, வதந்திக்கு இடமேது’ என்று நானும் கொஞ்ச நாள் பேசிக்கொண்டு திரிந்தேன். மைன்கிராஃப்டில் வெள்ளைக் கண்ணோடு ஹீரோபிரைன் என்று ஒருவன் அலைகிறானாமே என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள். அப்படி ஒருவன் அந்த ஆட்டத்தில் இருந்ததே இல்லை. ஆனாலும் அதைச் செய்தவர்கள் ‘ஹீரோபிரைனை நீக்கிவிட்டோம்’ என்று புதுப் பதிப்புகளின் குறிப்பில் விளையாட்டாகப் போட்டு வந்தார்கள். இல்லாதவனை எதற்கு இத்தனை முறை நீக்க வேண்டும் என்று உங்கள் மகன் மடக்குவான். மடக்கட்டும்.

நண்பரின் எண் கிடைத்தால் பேசுங்கள். பழைய ஆட்டத்தை மறுபடி ஆட நேர்ந்தால் ஒரு விஷயம்: சுவரைத் தாண்டியதும் வேடிக்கை பார்த்துக்கொண்டு முன்னால் நடக்காதீர்கள், திரை நகர்ந்தால் எண்கள் ஏறிவிடும். நடுக்குழாய் ஐந்தாம் உலகத்துக்குப் போகும். நீங்கள் இறங்க வேண்டியது இடது ஓரக் குழாயில், வந்த வேகத்திலேயே.