உமிச் சாம்பல் சிலிக்காவில் ஏற்றிய பல்லேடியம் என்ற உலோக வினையூக்கியை எட்டுத் தடவை திரும்பப் பயன்படுத்தலாம் என்கிறார்களே, உண்மையா? எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம். அந்த எட்டுத் தடவையை நம்பி மட்டும் எடுக்காதீர்கள்.

நீங்கள் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் ஏதோ கல்லூரியில் படிக்கிறீர்கள், கைடு நாலு பேப்பரைக் கொடுத்து "இதே மாதிரி பண்ணு" என்றிருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

உமிக்கு நம்மூரில் பஞ்சமா? நீடாமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் சாக்கில் அள்ளி வந்தேன். உமியை எரித்தால் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். அதில் 90 சதவீதம் வரை சிலிக்கா. அப்படியே எரித்தால் கறுத்துப் போகும், ஏனென்றால் உமியிலுள்ள பொட்டாசியம் சூட்டில் உருகிக் கரியை உள்ளேயே பூட்டிவிடும். முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து, நன்றாகக் கழுவிக் காயவைத்து, 600 டிகிரியில் எரித்துப் பாருங்கள். வெள்ளைவெளேரென்று, உமியின் வடிவம்கூடக் கலையாமல் இருக்கும். விரல் பட்டால் மாவாகிவிடும். பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

இந்தச் சிலிக்காதான் தாங்கி. அதில் பல்லேடியத்தைப் பிடித்துவைக்கும் அமீன் (நைட்ரஜன் உள்ள) கைகளை ஒட்டி, பல்லேடியம் அசிடேட்டை ஏற்றி, இரண்டு கார்பன் வளையங்களை ஒன்றாக இணைக்கும் சுசுகி வினை செய்தேன். புரோமோ அனிசோலும் ஃபீனைல் போரானிக் அமிலமும், காரத்துக்குப் பொட்டாசியம் கார்பனேட். வினையூக்கியைத் திரும்பப் பயன்படுத்திய ஒவ்வொரு சுழற்சியிலும் ஈல்டு, அதாவது கிடைத்த விளைபொருள், தொண்ணூறு சதவீதத்துக்கு மேல். கைடுக்குப் பரம திருப்தி.

எனக்கு உறுத்தியது. ராத்திரி முழுக்க ஓடவிட்டுக் காலையில் ஈல்டு பார்த்தால், பாதி வினையூக்கி செத்திருந்தாலும் தொண்ணூறு வரத்தானே செய்யும்? அரை மணியில் எவ்வளவு வந்திருக்கிறது என்று ஒவ்வொரு சுழற்சியிலும் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். பார்த்தேன்; சுழற்சிக்குச் சுழற்சி இறங்கிக்கொண்டே வந்தது. அப்புறம் வினை பாதியில் இருக்கும்போதே சூடாக வடிகட்டி, வடிநீரை மட்டும் தொடர்ந்து சூடாக்கினேன். திடப்பொருள் துளிகூட இல்லாத அந்தக் கரைசலில், கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளியாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தட்டை யு.வி. விளக்கில் காட்டினால், விளைபொருளின் புள்ளி மணிக்கு மணி பெரிதாகிறது!

நடப்பது இதுதான். புரோமோ அனிசோல் பல்லேடியத்தைத் தாங்கியிலிருந்து இழுத்துக் கரைசலுக்குக் கொண்டுவருகிறது. வேலை அங்கே நடக்கிறது. அது தீர்ந்ததும் பல்லேடியத்தில் பெரும்பகுதி தாங்கிக்கே திரும்பிப் போய் ஒட்டிக்கொள்கிறது. கும்பகோணம் டிப்போவை ராத்திரி மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, பஸ் எதுவும் வெளியே போகவே இல்லை என்று சொல்வது போலத்தான் ஆறவைத்து வடிகட்டும் சோதனை. வடிகட்டினால் சூடாக வடிகட்டுங்கள். போதாக்குறைக்குச் சூடான கார்பனேட் கரைசல் சிலிக்காவையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும்.

அரை மணி ஈல்டையும் சூடாக வடிகட்டிய முடிவையும் அட்டவணையாக்கிக் காட்டினேன். "அந்த அட்டவணை பேப்பருக்கு வேண்டாம்" என்றார் கைடு. ஆய்வேட்டில் போட்டே தீருவேன் என்று நின்றேன், போட்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

உடனே "அப்படியானால் தாங்கியே வீணா?" என்று சண்டைக்கு வராதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. பல்லேடியத்தைத் திரும்பப் பிடித்து வைப்பதே பெரிய காரியம். வாய்வழி மருந்தில் மிச்சமாகத் தங்கும் பல்லேடியத்துக்கு நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம்தான் அனுமதி. மருந்து செய்கிறவர்களுக்கு அந்த அக்கறை உண்டு. இந்தப் பல்லேடிய வினைகளுக்காக ஹெக், நெகிஷி, சுசுகி மூவருக்கும் 2010-இல் நோபல் வந்ததிலிருந்து எல்லோரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள், அதனால் கேள்வி கேட்க ஆளும் வேண்டும்.

கேள்வி கேட்டு என்ன கிடைத்தது என்கிறீர்களா? டாக்டர் பட்டத்தோடு கௌரவ விரிவுரையாளர் வேலை. மே மாதம் சம்பளம் கிடையாது. சொந்தக்காரர்கள் கல்யாணமெல்லாம் அந்த மாதத்தில்தான் வந்து நிற்கிறது, மொய் எழுதும் இடத்தில் நான் முனைவர் என்று யாரும் தள்ளுபடி தருவதில்லை. சரி, அதை விடுங்கள்.

ஆலையில் கேட்டால் பாய்லர் சாம்பலைச் சும்மாவே தருவார்கள், வாங்காதீர்கள். 700 டிகிரிக்கு மேல் வெந்ததில் நிறைய படிகமாகிப் போயிருக்கும், நுண்துளையும் இருக்காது. பச்சை உமியாகவே கேளுங்கள்.