கோச்சுக்கு ஒரு கருவாட்டு மாலை

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். எங்கள் கால்பந்து கிளப்புக்கு மலப்புறத்திலிருந்து புது கோச் வருகிறார். மூன்று வருடத்தில் நான்கு பேரை அனுப்பியாயிற்று, இவர் ஐந்தாவது. களியக்காவிளையில் இறக்கி சிங்காரி மேளத்தோடு கூட்டிவருவதாகத் திட்டம். அதுவரை சரி. மைதான வாசலில் பையன்கள் ஒரு ஃபிளக்ஸ் வைக்கப்போகிறார்கள். பழைய கோச்சுகள் நான்கு பேரின் படமும் கருப்பு வெள்ளையில், மாலை போட்டு, சேர்ந்த தேதிக்குத் 'தோற்றம்', போன தேதிக்கு 'மறைவு'. ஐந்தாவது கட்டத்தில் படம் இல்லை, மாலை மட்டும் ரெடி. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, ஆனால் அம்மை 'வேண்டாம் மக்கா' என்கிறாள். நீங்கள் பழைய ஆட்டக்காரர், சொல்லுங்கள். என் பெயரைப் போடாதீர்கள், பையன்கள் கொன்றுவிடுவார்கள்.

*

அன்புள்ள தம்பிக்கு,

அந்த 'மறைவு' வரியில் நானும் வாய்விட்டுச் சிரித்தேன், அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மை சொல்வதுதான் சரி. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அதற்குப் பிறகு உங்கள் கரையில் இதே மாதிரி மாலை போட்ட படங்கள் எத்தனை நின்றன என்று அம்மைக்குத் தெரியும், நீங்கள் அப்போது சின்னப் பையனாக இருந்திருப்பீர்கள். உடல்கூடத் திரும்பி வராத வீடுகளுக்கு அந்தப் படம்தான் மிச்சம். அந்த வீட்டுக்காரர்களும்தான் சாயங்காலம் பந்து பார்க்க மைதானத்துக்கு வருகிறார்கள். கோச் கோபப்படுவாரா மாட்டாரா என்பதெல்லாம் அப்புறம்.

அதை விட்டாலும், வரவேற்பு வாசகத்தில் இன்னொரு தொல்லை உண்டு: தோற்ற பிறகும் அது அங்கேயே தொங்கும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய மேனேஜர் ஃபெர்குசன், தன் இடத்துக்குத் தானே கைகாட்டிவிட்டுப் போனவர் டேவிட் மொய்ஸ். 2013இல் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் ரசிகர்கள் அவர் படத்தைப் போட்டு 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்' என்று துணி கட்டினார்கள், கிண்டலாக அல்ல, நிஜ பக்தியோடு. அடுத்த மார்ச்சில் அதே மைதானத்துக்கு மேலே ஒரு குட்டி விமானம், 'தவறானவர், மொய்ஸ் வெளியேறு' என்று வாலில் எழுதிக்கொண்டு பறந்தது. அன்றைக்கு அவர் அணி ஆஸ்டன் வில்லாவை 4-1 என்று அடித்தது வேறு கூத்து. ஏப்ரலில் வேலை போய்விட்டது. (அங்கே மேனேஜர் என்றால் அணியையே ஆள்பவர். நம்மூரில் மேனேஜர் என்றால் வண்டி வாடகை கொடுப்பவர், அவரை யாரும் வரவேற்பதும் இல்லை, விரட்டுவதும் இல்லை.)

கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் ரசிகர்கள் தங்கள் கோச் இவான் வுகோமனோவிச்சை 'ஆசான்' என்று கூப்பிட்டார்கள். நமக்கு ஆசான் என்றால் அடிமுறை ஆசான், வர்ம ஆசான், பிரம்பு வைத்திருப்பவர். ஒரு செர்பியாக்காரரை அப்படிக் கூப்பிடுவதே பாதி தமாஷ்தான், ஆனால் அதில் ஒரு ஒட்டுதல் வந்துவிடுகிறது. 2023இல் பெங்களூருவுக்கு எதிரான ஆட்டத்தில் அணியையே பாதியில் வெளியே கூட்டிப்போய், பத்து ஆட்டத் தடை வாங்கியபோதும் அவர்கள் ஆசானை விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கள் காலத்துக் கதை ஒன்று. போலீஸ் டீமில் ஆடி ஓய்வு பெற்ற ஒருவர் எங்களுக்கு கோச்சாக வந்தார், திருவனந்தபுரம் பக்கத்து ஆள். அவருக்கு நெத்திலிக் கருவாட்டில் மாலை கட்டினோம். வலை பின்னுகிற நைலான் நூலை ஊசியில் கோத்து, ஒவ்வொரு நெத்திலியாகக் கண்ணில் குத்தி ஏற்றி, இரண்டு பேர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்த வேலை, விரல் நுனியெல்லாம் உப்பு எரிச்சல். மனிதர் முகம் சுளிப்பார் என்று காத்திருந்தோம். அவர் குனிந்து வாங்கிக்கொண்டார், ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார், 'உப்பு போராதுடே' என்றார். மாலையைக் கழற்றாமலே பிராக்டீஸ் நடத்தினார். தெரு நாய்கள் ஏழெட்டு அவர் பின்னாலேயே சுற்றின. நாய் களைத்துப் படுக்கிற வரைக்கும் எங்களை மணலில் ஓடவிட்டார், நாய் எங்கே களைக்கும்? அந்த வருடம் செமி ஃபைனலில் நான்கு கோல் வாங்கினோம். ராத்திரி கிளப் அறையில் ஆணியில் தொங்கிய அதே மாலையை அறுத்து, அவரே வறுத்து, கஞ்சிக்கு ஆளுக்கு நாலு என்று எண்ணி வைத்தார். ஐந்தாவது கேட்டவனை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்.

அதனால் சிங்காரி மேளம் இருக்கட்டும், களியக்காவிளை இருக்கட்டும். ஃபிளக்ஸ் கடையில் அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அளவை மாற்ற வேண்டாம், படத்தை மட்டும் மாற்றுங்கள். பழைய கோச்சுகளை எடுத்துவிட்டு உங்கள் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரின் பாஸ்போர்ட் படத்தைப் போடுங்கள், கலரில், மாலை இல்லாமல். 'மூன்று வருடத்தில் நான்கு கோச்சை மாற்றியவர்கள் நாங்கள்தான், நாங்கள் மட்டும் போகவே மாட்டோம், சாரே வருக.' அடிக்கிற அன்றே அம்மையிடம் காட்டுங்கள். அவள் சிரித்தால் வாசலில் கட்டலாம்.