நான்கு ஊரா, ஓர் ஊரா?

கேள்வி: கல்லூரித் தோழிகள் ஐவர், பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சனி, ஞாயிறு சேர்ந்து போகிறோம். புதுச்சேரி, தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி நான்கையும் பார்த்துவிட வேண்டும் என்கிறாள் ஒருத்தி. கடலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால் போதும் என்கிறாள் இன்னொருத்தி. ஏற்பாடு என் பொறுப்பு. யார் மனமும் கோணாமல் எப்படி முடிப்பது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, நான்கு ஊர் வேண்டாம். தரங்கம்பாடி ஒன்றே போதும். இப்படி இரண்டே நாளில் நான்கு ஊர் சுற்றியவள் நான். இன்று நினைத்துப் பார்த்தால் கார் ஜன்னல்தான் நினைவில் நிற்கிறது. உடன் வந்தவர்களோடு என்ன பேசினேன் என்பது நினைவில் இல்லை.

தரங்கம்பாடியின் நுழைவாயிலில் இருந்து கோட்டை வரை பத்து நிமிட நடைதான். உங்கள் சிக்கலுக்கு இதுவே மருந்து. சுற்றிப் பார்க்க விரும்புகிறவள் சுற்றட்டும், உட்கார விரும்புகிறவள் கடலோரத்தில் உட்காரட்டும். ஒருவருக்காக மற்றவர் வண்டியில் காத்திருக்க வேண்டியதில்லை. எல்லோரும் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். சாப்பாட்டு நேரத்துக்குக் கூடினால் போதும்.

பார்க்க ஒன்றுமில்லையோ என்று முதல் தோழி முகம் சுளித்தால், ராஜ வீதிக்கு அழைத்துப் போங்கள். 1701இல் எழுந்த சீயோன் ஆலயமும், 1718இல் ஜெர்மானிய கிறிஸ்தவ போதகர் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் அங்கேதான் இருக்கின்றன. 1706இல் கப்பலில் வந்திறங்கியபோது அவருக்கு 24 வயதுகூட நிரம்பவில்லை. தமிழ் கற்று, இங்கே அச்சுக்கூடம் நிறுவி, 1715இல் புதிய ஏற்பாட்டை முழுமையாகத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 36 வயதில் மறைந்து, தாம் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கமானார். தமிழ் எழுத்து அச்சேறிய கதையில் பெரிய பங்குள்ள ஊர் இது. பத்திரிகையில் எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்த வீதியில் நிற்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழும்.

டேனிஷ்காரர்களின் கோட்டைக்கு வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் ஒப்பந்தம் செய்துகொண்டு எழுப்பியது. 1845இல் ஆங்கிலேயருக்கு ஊரையே விற்றுவிட்டுப் போனார்கள்.

ஞாயிறு விடியலை மட்டும் ஐவருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்கு அருகே, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் அரித்துத் தின்றிருக்கிறது. எஞ்சிய பகுதிக்கு அருகில் நின்று சூரியன் எழுவதைப் பாருங்கள். அங்கே கற்கள் கிடக்கும் இடத்தில் யாரும் குளிக்க இறங்க வேண்டாம். அலை இழுத்தால் பிடிமானம் கிடைக்காது.

செலவுக் கணக்கை ஒருவரிடமே விடுங்கள், அது நீங்களாக இருக்க வேண்டாம். நான்கு ஊர் கேட்ட தோழியிடம் இன்றே நீங்களே பேசுங்கள். மற்ற மூவர் வழியாக அவள் காதுக்குப் போனால் வருத்தப்படுவாள். நாகூரும் வேளாங்கண்ணியும் அவளுக்கு வேண்டுதலாக இருந்தால், திங்கட்கிழமை விடுப்பு எடுத்து, விருப்பமுள்ளவர் அவளோடு போய் வரலாம்.