கேள்வி – பதில்: ஆட்டோகேடிலிருந்து மெக்கானிக்கலுக்கு

கேள்வி: சாதாரண ஆட்டோகேடில் ஐந்து வருடப் பழக்கம் இருக்கிறது. புதிதாகச் சேரும் கம்பெனியில் ஆட்டோகேட் மெக்கானிக்கல் தெரியுமா என்று கேட்கிறார்கள். முதலிலிருந்து படிக்க வேண்டுமா? தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டுமா? – கோவை வாசகர்

பதில்: தனியாக வாங்க வேண்டாம். இயந்திர பாகங்களை வரைவதற்கான இந்த மெக்கானிக்கல் 2019 பதிப்பிலிருந்து ஆட்டோகேட் சந்தாவோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் அதைத் தனியே இன்ஸ்டால் செய்ய வேண்டும். வசதிகள் குறைந்த ஆட்டோகேட் எல்டி சந்தாவில் கிடையாது, மேக் கணினியிலும் ஓடாது.

லைன், ட்ரிம், ஆஃப்செட் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மாற வேண்டியது கைப்பழக்கம். 6205 பேரிங் (உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52 மி.மீ.) உட்காரும் ஷாஃப்டை, அதாவது தண்டை, எடுத்துக்கொள்வோம். இதுவரை சென்டர் லைன் போட்டு, ஆஃப்செட், ட்ரிம், மிரர் என்று போயிருப்பீர்கள். இங்கே ஷாஃப்ட் ஜெனரேட்டரைத் திறந்து, தொடக்கப் புள்ளியையும் அச்சின் திசையையும் காட்டி, சிலிண்டர் பகுதிக்கு நீளமும் விட்டமும் கொடுத்தால் போதும். 25 மி.மீ. படி, அடுத்து 30, கடைசியில் மரை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். பிறகு விட்டத்தை மாற்ற ஸ்ட்ரெச் வேண்டாம்; பவர் எடிட் கொடுத்து எண்ணை மாற்றுங்கள்.

அடுத்து, அளவு குறிக்கும் பவர் டைமென்ஷன். 25 விட்டத்துக்குச் சிறிய எழுத்து கே6 என்று ஃபிட் (தண்டும் துளையும் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்த வேண்டும் என்ற குறியீடு) கொடுத்தால் +0.015, +0.002 என்ற வரம்புகளை மென்பொருளே எழுதும். ஹவுசிங்கில் (பேரிங்கைத் தாங்கும் உறையில்) 52 மி.மீ. துளைக்குப் பெரிய எழுத்து ஹெச்7 கொடுத்தால் +0.030, 0. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். துளைக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து, தண்டுக்குச் சிறிய எழுத்து. துளைக்குச் சிறிய எழுத்து ஹெச்7 போட்டுவிட்டால் 0, –0.030 என்று வரும். அந்த அளவில் போரிங் செய்தால் பேரிங் உள்ளே போகாது. மென்பொருள் ஆட்சேபிக்காது, தவறு ஷாப் ஃப்ளோரில்தான் தெரியும்.

முதல் நாளே ஐஎஸ்ஓ (சர்வதேசத் தரம்) டெம்ப்ளேட்டில் தொடங்குங்கள். ஆன்சி (அமெரிக்கத் தரம்) டெம்ப்ளேட்டில் தோற்றங்களை அடுக்கும் முறை தர்ட் ஆங்கிளுக்குப் போய்விடும். நம் ஊர் வழக்கம் ஃபர்ஸ்ட் ஆங்கிள். பவர் டைமென்ஷன் தானாகவே ஏஎம்_5 என்ற லேயரில் (படத்தின் அடுக்கில்) விழும், சென்டர் லைன் ஏஎம்_7-இல். பழைய கம்பெனி லேயர்களை இதற்குள் கொண்டுவந்தால் இரண்டு தொகுதியும் கலந்து, பிளாட் எடுக்கும்போது கோட்டுத் தடிமன் தாறுமாறாகும்.

கேள்வி: சர்க்ளிப் க்ரூவை (பூட்டு வளையம் உட்காரும் பள்ளத்தை) ஐந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டினால் 1.3 மி.மீ. அகலம் 6.5 என்று வருகிறது. ஒவ்வொன்றையும் கையால் திருத்துகிறேன். வழி உண்டா? – ஓசூர் வாசகர்

பதில்: காப்பி செய்து ஸ்கேல் கட்டளை கொடுத்திருக்கிறீர்கள், அதனால்தான். டீடெயில் கட்டளையால் அந்த இடத்தை வட்டமிட்டு 5:1 கொடுங்கள். அங்கே போடும் அளவு 1.3 என்றே வரும். கையால் எண்ணை மாற்றி எழுதுவது ஆபத்தான பழக்கம்: பின்னர் க்ரூவை மாற்றினாலும் எழுதிய எண் மாறாது.

கேள்வி: வாடிக்கையாளருக்கு அனுப்பிய படத்தில் போல்ட்டுகளை எடிட் செய்ய முடியவில்லையாம். எக்ஸ்ப்ளோட் செய்து, அதாவது தனித்தனிக் கோடுகளாகப் பிரித்து, அனுப்பலாமா? – சென்னை வாசகர்

பதில்: அவரிடம் மெக்கானிக்கல் இல்லாவிட்டால் அவை ப்ராக்ஸியாகத்தான், அதாவது எடிட் செய்ய முடியாத பதிலியாகத்தான், தெரியும். ப்ராக்ஸிகிராஃபிக்ஸ் என்ற அமைப்பின் மதிப்பை 1 என வைத்துச் சேமித்தால் உருவமாவது தெரியும். கூடவே பிடிஎஃப் அனுப்புங்கள். எக்ஸ்ப்ளோட் கட்டாயம் என்றால் நகலில் மட்டும் செய்யுங்கள். மூலக் கோப்பில் செய்தால் போல்ட், நட், துளை சேர்ந்த ஸ்க்ரூ கனெக்‌ஷன் வெறும் கோடுகளாகிவிடும், பவர் எடிட் அதைத் தொடாது.

போல்ட்டை நீக்குவதற்கும் சாதாரண இரேஸ் வேண்டாம், பவர் இரேஸ் கொடுங்கள். எம்10 போல்ட்டுக்காகப் போட்ட 11 மி.மீ. துளையின் கோடுகளையும் அது சேர்த்துச் சீராக்கும்.

பார்ட்ஸ் லிஸ்ட் (பாகப் பட்டியல்) எடுத்ததும் எண்ணிக்கையைப் படத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். ஒரே போல்ட் முன்தோற்றத்திலும் மேல்தோற்றத்திலும் இருந்தால் இரண்டு என்று கணக்காகியிருக்கலாம். பர்ச்சேஸ் ஆர்டர் போன பிறகு பார்த்துப் பயனில்லை.

கேள்வி: ஸ்ட்ரக்சர் பட்டன் எதற்கு? – திருச்சி வாசகர்

பதில்: பாகங்களை அசெம்பிளி, உப அசெம்பிளி என்று அடுக்கிவைக்க. பார்ட் ரெஃபரன்ஸ் (பாகத்தின் விவரக் குறிப்பு), பலூன் (பாக எண் காட்டும் குறி) இரண்டும் கைக்கு வரும்வரை ஸ்ட்ரக்சரை அணைத்தே வையுங்கள்.